ஐந்தரை மணி கேட்: க்ரூகரில் ஒரு மதயானையும் எங்கள் கணக்கும்

ஜூலை மாதத்தில் தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில், பயணிகள் தங்கும் கேம்ப்களின் வாசல்களை மாலை 5.30-க்கு அடைத்துவிடுவார்கள். நாங்கள் சதாரா கேம்ப் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது மணி 5.58. வாடகைக் காரின் பின் பம்பர் ஒரு பக்கம் உள்ளே போயிருந்தது. வெளியே ஸ்வெட்டர் போடுகிற குளிர். ஓட்டி வந்த மாப்பிள்ளையின் சட்டையோ முதுகோடு ஒட்டிக் கிடந்தது. பின்சீட்டில் அத்தை கண்ணைத் திறக்காமல் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டே வந்தார்.

ஊர் திரும்பிய பிறகு இதை ‘யானை துரத்திய கதை’யாகப் பத்துப் பேருக்காவது சொல்லியிருப்பேன். பதினோராவது முறை சொல்லும்போது எனக்கே ஒரு சந்தேகம் வந்தது. என் மகள் பயணம் முழுக்க ஒரு நோட்டில் எந்த மிருகத்தை எத்தனை மணிக்குப் பார்த்தோம் என்று எழுதி வைத்திருந்தாள். செல்போன் படங்களில் நேரம் இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்து அந்த மாலையை நிமிடம் நிமிடமாக எழுதிப் பார்த்தேன். யானை செய்ததெல்லாம் யானை செய்யக்கூடியதுதான். எங்களைத் துரத்தியது கேட் மூடும் நேரம். அதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

யார், எங்கே

காரில் ஐந்து பேர். நான், மனைவி, ஒன்பது வயது மகள், அத்தை, அத்தையின் மகன். அவன் என் மனைவிக்குத் தம்பி, ஜோகன்னஸ்பர்கில் வேலை. எனக்கு மாப்பிள்ளை, அவனுக்கு நான் மாமா. நாங்கள் பொள்ளாச்சிக்காரர்கள். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

க்ரூகர் ஏறக்குறைய 20,000 சதுர கிலோமீட்டர். கோவை மாவட்டத்தைப் போல நான்கு மாவட்டங்களைச் சேர்த்து வைத்த அளவு. 1926-இல் தேசியப் பூங்கா ஆனது. அடுத்த ஆண்டு கார்களை உள்ளே விட்டார்கள். அந்த முதல் ஆண்டில் வந்தவை மொத்தம் மூன்றே கார்கள். இன்றைக்கும் முறை அதுதான். சொந்தக் காரோ வாடகைக் காரோ, கேட்டில் பணம் கட்டி, வரைபடம் ஒன்று வாங்கிக்கொண்டு நீங்களே ஓட்டிப் போகலாம். தார்ச்சாலையில் 50, சரளைப் பாதையில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக்கூடாது. குறிப்பிட்ட இடங்களைத் தவிர எங்கும் காரைவிட்டு இறங்கக்கூடாது. ஜன்னலைத் திறந்து வைக்கலாம், ஆனால் கையோ தலையோ வெளியே நீளக்கூடாது. அங்கேயும் நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள் என்பதால் நம்மவர்களுக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தயக்கமே வராது.

முதுமலையில் சஃபாரி என்றால் வனத்துறை வண்டியில் ஏறி உட்கார வேண்டும். எங்கே நிறுத்துவது, எவ்வளவு தூரத்தில் நிறுத்துவது, எப்போது கிளம்புவது எல்லாவற்றையும் அந்த ஓட்டுநர் பார்த்துக்கொள்வார். க்ரூகரில் ஓட்டுநரும் நாமே, வழிகாட்டியும் நாமே, முட்டாளும் நாமே.

சதாரா என்ற பெயருக்கு ஒரு கதை சொல்வார்கள். நிலம் அளந்தபோது அந்த இடம் 17-ஆம் எண் பண்ணை. உடன் வேலை செய்த ஓர் இந்தியர் இந்தியில் ‘சத்ரஹ்’ என்று குறித்தது திரிந்து சதாரா ஆகிவிட்டதாம். பூங்காவின் நடுப்பகுதியில், புல்வெளிகளுக்கு நடுவே இருக்கிறது. சிங்கத்துக்குப் பேர்போன இடம்.

நாங்கள் ஜூலையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அங்கே அது குளிர்காலம், மழை கிடையாது. புல் காய்ந்து தாழ்ந்துவிடும், மரங்கள் இலை உதிர்த்துவிடும், குட்டைகள் வற்றும். மிருகங்கள் மிச்சமிருக்கிற தண்ணீரைத் தேடி ஆற்றோரம் வரும். மிருகம் பார்க்க இதைவிட நல்ல காலம் இல்லை. ஆனால் பகல் குட்டை. சூரியன் ஐந்தேகால் வாக்கில் மறைந்துவிடும். கோடையில், அதாவது நவம்பர் முதல் பிப்ரவரி வரை, கேட் 6.30 வரை திறந்திருக்கும். மே முதல் ஜூலை வரை 5.30-தான். நிறையப் பார்க்க முடிகிற மாதத்தில்தான் நேரம் குறைவு. பயணத் திட்டம் போடும்போது இந்த முரண்பாட்டை நான் கவனிக்கவே இல்லை.

நேரக் கணக்கு

1.20-க்குக் கேம்ப்பிலிருந்து கிளம்பினோம். எச்-6 என்ற தார்ச்சாலை வழியாகக் கிழக்கே, மொசாம்பிக் எல்லைப் பக்கம். ந்வானெட்சியில் பாறை மேலிருந்து ஆற்றைப் பார்க்கும் இடம் ஒன்று உண்டு, அங்கே இறங்கலாம். மனைவி ஃபிளாஸ்க்கிலிருந்து காபி ஊற்றினாள். கீழே ஒரு நீர்யானை தண்ணீருக்குள் பாறை மாதிரிக் கிடந்தது. அங்கிருந்து 3.20-க்குக் கிளம்பினோம்.

திரும்புவதற்கு எஸ்-41, அப்புறம் எஸ்-100 என்ற சரளைப் பாதைகள். எஸ்-100 ஆற்றையொட்டிப் போகும். க்ரூகருக்குப் போனவர்களிடம் கேட்டால் பலர் முதலில் சொல்கிற பாதை அது. கேம்ப் வரை சுமார் 30 கிலோமீட்டர். 40 வேகத்தில் முக்கால் மணி நேரம். நாலேகாலுக்குள் போய்விடலாம் என்று மாப்பிள்ளை சொன்னான், நானும் தலையாட்டினேன்.

எங்கள் முதல் தவறு இந்த இடத்தில். விலங்கு பார்க்கப் போகிற பாதையில் 40 என்பது எட்டவே முடியாத வேகம். வரிக்குதிரைக்கு ஒரு நிறுத்தம், ஒட்டகச்சிவிங்கிக்கு ஒரு நிறுத்தம், முன்னால் நிற்கிற கார் எதைப் பார்க்கிறது என்று தெரியாமல் ஒரு நிறுத்தம். மகளின் நோட்டை வைத்து மூன்று நாளுக்கும் கணக்குப் போட்டால் எங்கள் சராசரி வேகம் மணிக்கு 20-ஐத் தாண்டவில்லை. அந்த வேகத்தில் அதே 30 கிலோமீட்டருக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும்.

3.50-க்கு சிங்கம். பதினோரு கார்கள் முட்டிக்கொண்டு நின்றன. புதருக்கடியில் இரண்டு பெண் சிங்கங்கள் தூங்கின. எங்களுக்குத் தெரிந்தது ஒரு வாலும் ஒரு காதும்தான். “இப்ப எந்திரிக்கும் மாமா” என்று மாப்பிள்ளை நாலைந்து முறை சொன்னான். எழுந்திருக்கவில்லை. ஒரு வாலுக்காக நாற்பது நிமிடம் போனது.

4.32-க்கு அங்கிருந்து நகர்ந்தோம். இன்னும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கையில் இருந்தது. கெட்டுப்போக ஒன்றுமில்லை என்றுதான் நினைத்தோம்.

இங்கே ஒரு விஷயம். சில நூறு மீட்டர் போனபின் பாதையின் புழுதியில் பெரிய பெரிய நீள்வட்டத் தடங்கள் தெரிந்தன. ஒவ்வொரு தடத்துக்குள்ளும் வெடிப்பு வெடிப்பாகக் கோடுகள், வறண்ட குளத்துச் சேறு மாதிரி. தடங்களுக்கு நடுவே, பாதை நெடுக, ஈரமான ஒரு கோடு வளைந்து வளைந்து போயிற்று. ஓட்டைக் குடத்தைத் தூக்கிக்கொண்டு யாரோ நடந்து போன மாதிரி. மகள்தான் முதலில் பார்த்தாள். “அப்பா, தண்ணி லாரி போச்சா?” என்று கேட்டாள். நாங்கள் சிரித்தோம். அதைப் படிக்கத் தெரிந்திருந்தால் யானையைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே எங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

4.45. ஒரு வளைவு திரும்பியதும் அவன். பெரிய கொம்பன், தனி. பாதை நடுவில், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி, எங்களைப் போலவே சதாரா பக்கம் நடந்துகொண்டிருந்தான். பாதையின் இருபுறமும் முள்மரங்கள். ஒதுங்கிக் கடந்துபோக இடமே கிடையாது.

யானை அவசரமில்லாமல் நடந்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வரும். தார்ச்சாலைக்கு இன்னும் ஒன்பது கிலோமீட்டர். அவன் பின்னாலேயே போனால் கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். எங்களிடம் இருந்ததோ நாற்பத்தைந்து நிமிடம்.

முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் இருந்தோம். அறுபது எழுபது மீட்டர் விட்டு, அவன் நின்றால் நாங்களும் நின்று, நடந்தால் நகர்ந்து. ஐந்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது பின்னால் ஒரு பிக்கப் வண்டி வந்து ஒட்டி நின்றது. அங்கே அதை ‘பாக்கி’ என்பார்கள். நம் கடைக்காரர் எழுதி வைக்கிற பாக்கிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அதன் பின்னால் இன்னும் இரண்டு கார்கள்.

ஐந்து மணிக்கு மாப்பிள்ளை கணக்குப் போட்டான். மிச்ச தூரத்துக்குப் பதினாலு நிமிடம். ஐந்தேகாலுக்குள் யானையைத் தாண்டினால் போதும். இந்த எண் வாயிலிருந்து வந்த பிறகு காருக்குள் எல்லாமே மாறிவிட்டது. அதுவரை யானையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் டேஷ்போர்டு கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தோம். யாரும் ‘கிட்டப் போ’ என்று சொல்லவில்லை. ஆனால் அறுபது மீட்டர் நாற்பது ஆயிற்று, நாற்பது இருபத்தைந்து ஆயிற்று. கிட்டப் போனால் ஒதுங்கிவிடுவான் என்று ஒரு நினைப்பு, ரோட்டில் மாட்டை ஒதுக்குகிற மாதிரி. நல்லவேளை, ஹாரன் அடிக்கவில்லை.

“ஏங்கண்ணு, இத்தன கிட்டப் போலாமா?” என்று அத்தை கேட்டார். “ஒண்ணும் ஆகாது, அம்மா” என்றான். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

5.06. அவன் நின்றான். ஒரு காலைத் தூக்கி முன்னும் பின்னும் ஆட்டினான். அவ்வளவு பெரிய உடம்பு அத்தனை சுருக்காகத் திரும்பும் என்று நான் நினைத்திருக்கவில்லை. காதை இரண்டு பக்கமும் விரித்ததும் பாதையே அடைத்துவிட்டது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே இருந்து தாடை வரைக்கும் தார் ஊற்றின மாதிரி கறுப்பாக ஓர் ஈரக் கோடு. பின்னங்கால்களின் உட்பக்கம் நனைந்து பளபளத்தது. அப்போதுதான் வாடை வந்தது, மூடின ஜன்னலையும் தாண்டி. ஆட்டுக்கிடாய்ப் பட்டிக்குள் நுழைந்த மாதிரி, அதைவிடக் காட்டமாக.

தலையை ஒரு உதறு உதறினான். காது ரெண்டும் உடம்பில் அடித்த சத்தம் ஈரத் துணியைக் கல்லில் துவைக்கிற மாதிரிக் கேட்டது. அப்புறம் வந்தான்.

மாப்பிள்ளை ரிவர்ஸ் போட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தான். நாலு மீட்டர்கூடப் போகவில்லை, பின்னால் நின்ற பாக்கியின் இரும்புக் கம்பியில் போய் மோதினோம். கார் நின்றது, இஞ்சினும் அணைந்தது. யானை இரண்டு கார் நீளம் தள்ளி நின்றான். அவன் காலால் உதைத்த சரளைக்கற்கள் பானட்டில் விழுந்தன. தும்பிக்கையை உயர்த்தி எங்கள் பக்கம் நீட்டி மோந்தான். எத்தனை நொடி என்று நோட்டில் இல்லை, படத்திலும் இல்லை. மகள் என் மனைவியின் மடிக்குள் இருந்தாள்.

பாக்கிக்காரர் உள்ளூர் ஆள், வயதானவர். அவர் முதலில் பின்வாங்கினார். அவருக்குப் பின்னால் இருந்தவர்களும் பின்வாங்கினார்கள். மாப்பிள்ளை மெதுவாக இஞ்சினை உயிர்ப்பித்து, உறுமவிடாமல், வந்த வழியே நூற்றைம்பது மீட்டர் பின்னால் போனான். யானை பின்தொடரவில்லை. கொஞ்ச நேரம் நின்றான், நடந்தான், மறுபடி நின்றான். 5.31-க்கு ஆற்றுப் பக்கம் இறங்கி ஒரு கிளையை முறிக்க ஆரம்பித்தான். நாங்கள் நகரப் பார்த்ததும் பாக்கிக்காரர் ஜன்னலோரம் உள்ளங்கையைத் தாழ்த்திப் பொறு என்று காட்டினார். 5.38-க்குத்தான் கடந்தோம். முறிகிற கிளையின் சத்தம் கேட்டது; ஆளைப் பார்க்க முடியவில்லை.

மதம்

இங்கேதான் பொள்ளாச்சி வருகிறது. ஆனைமலை எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். வால்பாறைப் பாதையில் யானைக்காகக் காத்து நின்றிருக்கிறோம், டாப்ஸ்லிப் போய்க் கோழிக்கமுத்தி முகாமில் யானைக்குக் கவளம் ஊட்டுவதைப் பார்த்திருக்கிறோம். முகாமில் மதம் வந்த யானையைத் தனியே கட்டிவிடுவார்கள். பாகனும் அவருக்கு உதவியாளான காவடியும்கூட எட்ட இருந்துதான் தீனி போடுவார்கள். மதநீர் என்றால் என்ன என்று எங்கள் வீட்டுக் குழந்தைக்கும் தெரியும். அப்படியிருந்தும் இருபது நிமிடம் மதயானையின் பின்னால் போயிருக்கிறோம்.

ஒரு காரணம், அவனுடைய முகத்தை நாங்கள் பார்க்கவே இல்லை, பின்பக்கத்தை மட்டும்தான் பார்த்தோம். இன்னொரு காரணம் கொஞ்சம் நுணுக்கமானது. முந்தின நாள் ஒரு கூட்டத்தைப் பார்த்தபோது பிடிகளின் கன்னத்திலும் ஈரம் இருந்தது. மாப்பிள்ளைதான் விளக்கினான்: ஆப்பிரிக்க யானைகளில் பெண்ணுக்கும் குட்டிக்கும்கூடப் பதற்றத்தில் கண்ணுக்கும் காதுக்கும் நடுவே உள்ள சுரப்பி கசியும், அது மதம் ஆகாது. சரியான தகவல்தான். நம்மூர்ப் பிடிகளுக்கு இப்படி ஒழுகிப் பார்ப்பது அபூர்வம். ஆனால் அரைகுறையாக மனதில் தங்கிய அந்தத் தகவல், ஆப்பிரிக்க யானையின் ஈரத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று எங்களைப் பழக்கிவிட்டது.

ஆப்பிரிக்கக் கொம்பனுக்கு மதம் என்பதற்கு நம்பகமான அடையாளம் சொட்டிக்கொண்டே இருக்கும் சிறுநீர். நடக்க நடக்கப் பின்னங்கால்களை நனைத்து, புழுதியில் கோடு போட்டுக்கொண்டே போகும். மகள் ‘தண்ணி லாரி’ என்றது அதைத்தான். கூடவே அந்த வாடை, நிமிர்ந்த தலை, தோளை ஆட்டுகிற நடை.

இதில் ஒரு வேடிக்கை. ஆப்பிரிக்க யானைக்கு மதமே கிடையாது என்றுதான் அறிவியல் உலகம் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தது. கென்யாவின் அம்போசெலியில் ஆய்வு செய்த ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும் 1981-இல்தான் அது உண்டு என்று எழுதி நிறுவினார்கள். மதத்துக்குக் கடாம் என்று தனிச்சொல்லே வைத்திருந்த மொழிக்காரர்கள் நாம். அந்தப் பெருமை எஸ்-100 பாதையில் எனக்கு ஒரு மீட்டர்கூட உதவவில்லை.

அந்த நிலையில் ஆண்மைச் சுரப்பு பல மடங்கு ஏறியிருக்கும். மூத்த களிறுகளுக்கு வாரக்கணக்கில், சிலவற்றுக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். சாதாரண நாளில் காரை லட்சியம் செய்யாத யானைக்கு அப்போது பின்னால் தொடர்கிற எதுவும் போட்டிதான். இது எந்த அளவுக்குப் போகும் என்பதற்குப் பிலானஸ்பெர்க் ஓர் உதாரணம். ஜோகன்னஸ்பர்குக்கு வடமேற்கே உள்ள அந்தப் பூங்காவுக்கு, க்ரூகரில் யானைகளின் எண்ணிக்கையைக் குறைக்கச் சுட்டபோது தப்பவைத்த குட்டிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். பெரியவர்கள் இல்லாமல் வளர்ந்த அந்த இளங்களிறுகளுக்கு 1990-களில் வயதுக்கு முன்பே மதம் வந்து, நாற்பதுக்கு மேற்பட்ட காண்டாமிருகங்களைக் கொன்றன. 1998-இல் க்ரூகரிலிருந்து ஆறு மூத்த களிறுகளைக் கொண்டுவந்து விட்டதும் அடங்கியது. பெரியவன் முன்னால் சின்னவனுக்கு மதம் தணிந்துவிடுகிறது. எங்கள் காருக்கு முன்னால் நடந்தவன் அந்தப் பெரியவன் வகை.

2013

எங்கள் நிகழ்வுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது 2013 டிசம்பர் 30-ஆம் தேதி நடந்தது. இடமும் அதிக தூரமில்லை, அதே ந்வானெட்சிப் பக்கம்தான். ஒரு சின்ன நீலக் காரில் இரண்டு பேர். முன்னால் ஒரு கொம்பன் பாதையில் போகிறது. அவர்கள் மெதுவாகப் பின்னால் போகிறார்கள். பின்னால் நின்ற காரிலிருந்து எடுத்த காட்சி உலகம் முழுக்கப் பரவியது. யானை திரும்புகிறது, காரை முட்டிப் புரட்டுகிறது, உருட்டிக்கொண்டே பாதையோரப் புதருக்குள் தள்ளுகிறது. உள்ளே இருந்த பெண்ணுக்குத் தொடையில் தந்தம் பாய்ந்தது; உயிர் பிழைத்தார். அந்த யானை மதத்தில் இருந்தது, வேறு யானையோடு போட்ட சண்டையில் காயமும் பட்டிருந்தது என்று பூங்காத் தரப்பில் சொன்னார்கள். அதைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள்.

அந்தக் காட்சியை ஊருக்கு வந்தபின் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கார் ஒன்றும் தடாலடியாகப் போகவில்லை. எங்களைப் போலவேதான், கொஞ்சம் கொஞ்சமாக. அவர்களுக்கு என்ன அவசரம் இருந்தது, அவசரமே இருந்ததா என்று எனக்குத் தெரிய வழியில்லை. அதனால் எங்கள் காரணத்தை அவர்கள் தலையில் கட்டமாட்டேன். ஆனால் தூரம் சுருங்குகிற விதம் ஒன்றுதான். முடிவில் சுடப்பட்டது யார் என்பதை நினைத்தால் தொண்டை அடைக்கிறது. எங்கள் கொம்பன் இன்னும் எட்டு மீட்டர் வந்திருந்தால் அவனுக்கும் அதுதான் நடந்திருக்கும்.

பொய்யாக விரட்டுவதையும் நிஜமாக விரட்டுவதையும் பிரித்தறிய வழி சொல்வார்கள். காதை விரித்து, தலையை நிமிர்த்தி, சத்தம் போட்டு, புழுதி கிளப்பி வந்தால் மிரட்டல். காதைப் பின்னால் ஒட்டி, தும்பிக்கையைச் சுருட்டி, தலையைத் தாழ்த்தி, சத்தமில்லாமல் வந்தால் நிஜம். எங்களுடையது மிரட்டல் வகை என்று இப்போது சாவகாசமாகச் சொல்லலாம். அந்த நொடியில் காரில் இருந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் இது ஞாபகம் வரவில்லை. மதயானை இந்த இலக்கணத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கும் என்ற உறுதியும் கிடையாது.

2024 ஜூலையில் அதே பிலானஸ்பெர்க்கில், காரிலிருந்து இறங்கிக் குட்டிகளோடு நின்ற கூட்டத்தைப் படமெடுக்க நெருங்கிய ஸ்பெயின் நாட்டுப் பயணி ஒருவரை யானைகள் கொன்றுவிட்டன. அது வேறு வகைப் பிழை. விதி அவருக்குக் குறுக்கே தெளிவாக நின்றது. எங்கள் விஷயத்தில் நாங்கள் மீறியதாகச் சொல்ல ஒரு விதிகூட இல்லை. கடைசி இருபத்தெட்டு நிமிடம் தவிர. அந்த ஒரு விதியை மீறக்கூடாது என்று பதறியதில்தான் எல்லாமே வந்தது.

எங்கே விட்டோம்

கேட் காவலர் எங்கள் பெயரையும் வண்டி எண்ணையும் எழுதிக்கொண்டார். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “போன் செய்திருக்கலாமே?” நுழைவுச் சீட்டிலேயே அவசர எண் அச்சாகியிருந்தது. யானைக்குப் பின்னால் போன இருபது நிமிடத்தில் என் போனில் சிக்னல் ஒரு கோடு வந்து வந்து போயிற்று. அதில் மகளின் படம் ஒன்றை ஊருக்கு அனுப்பவும் முயன்றேன். கேம்ப்புக்குக் கூப்பிட்டு ‘யானை வழியை மறித்திருக்கிறது, தாமதமாகும்’ என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. சொல்லியிருந்தால் ஐந்தேகால் என்ற எண்ணுக்கு அர்த்தமே போயிருக்கும். அறுபது மீட்டரிலேயே நின்றிருப்போம்.

இரண்டாவது, பின்னால் நின்ற பாக்கி. யானையிடமிருந்து தப்ப ஒரே வழி பின்வாங்குவது; அந்த வழியில் ஒரு டன்னுக்கு மேல் இரும்பை நிற்கவிட்டோம். அவரிடம் கைகாட்டி ‘தள்ளிப் போங்க’ என்று சொல்ல ஐந்துக்கு ஐந்திலிருந்து பதினோரு நிமிடம் இருந்தது. இரவு கேம்ப் கடையருகே அவரைப் பார்த்து, மோதியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவருடைய கம்பியில் கீறல்கூட இல்லை. பணம் தருகிறேன் என்றதற்குச் சிரித்தார். பல வருடமாக வருகிற ஆள். “நான்தான் உங்களை நெருக்கிவிட்டேன். எனக்கும் அதே ஐந்தரைதான்” என்றார். அதைக் கேட்ட பிறகுதான் முழுப் படமும் எனக்குப் பிடிபட்டது. அவர் எங்களைத் தள்ளினார், நாங்கள் யானையைத் தள்ளினோம், எல்லாரையும் சேர்த்துக் கடிகாரம் தள்ளியது.

பம்பருக்கு வாடகை நிறுவனம் டெபாசிட்டில் பிடித்துக்கொண்டது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நாங்கள்தான். அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

மாப்பிள்ளையின் பங்கை நான் பெரிதாக எழுதவில்லை என்று மனைவி சொல்கிறாள். ஸ்டியரிங் அவன் கையில் இருந்தது உண்மை. ஆனால் பக்கத்து சீட்டில் மூத்தவனாக உட்கார்ந்திருந்தவன் நான். ‘நிறுத்து மாப்ளே’ என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பான். அத்தை சொன்னார், அவர் சொல்லை இரண்டு ஆண்பிள்ளைகளும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மறுநாள் முதல் இரண்டு மாற்றம் செய்தோம். மதியத்துக்கு மேல் சரளைப் பாதை கிடையாது. போவது காலை ஆறு மணிக்கு, கேட் திறந்தவுடன். அப்புறம், எங்கே இருந்தாலும் மூன்று மணிக்கு அலாரம் அடிக்கும், அடித்தால் திரும்ப வேண்டும். அலாரம் அத்தையின் போனில்.

கடைசி நாள் சதாராவுக்கு மேற்கே எச்-7 சாலையில், மரக்கிளையில் ஒரு சிறுத்தை. மூன்று நாளாகத் தேடியது. கால்கள் நாலும் கிளையின் இருபக்கமும் தொங்க, வயிறு நிறைந்த தூக்கம். வால் நுனி மட்டும் ஆடியது. நாங்கள் நிறுத்தி இரண்டு நிமிடம் ஆகியிருக்கும், பின்சீட்டில் அலாரம் அடித்தது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தான். மகள் எங்கள் இருவரையும் பார்த்தாள். கேம்ப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை, மணி மூன்று.

“பத்து நிமிஷம்” என்றார் அத்தை. போனைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் தூக்கிப் பிடித்து மறுபடி அலாரம் வைத்தார்.

சிறுத்தை எழுந்திருக்கவில்லை. 3.12-க்குக் கிளம்பினோம். நாலு மணிக்கு முன்பே கேம்ப் வராந்தாவில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். மகள் இன்றைக்கும் அந்தப் பக்கத்தைக் காட்டிச் சண்டை போடுகிறாள்: சிறுத்தை, 3.00 முதல் 3.12 வரை, அப்புறம் பேனாவை அழுத்தி அடிக்கோடு போட்டு, ‘பாட்டி போகச் சொல்லிட்டாங்க’.